தூத்துக்குடி முத்துக் கரையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு அஞ்சல் முத்திரைகள்: பணிவழி வகைப்பாடு ஒன்று

1. ஆய்வின் நோக்கமும் எல்லையும்

இந்தியாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு அஞ்சல் முத்திரைகளைத் தொகுத்தவர்கள் பெரும்பாலும் வடிவத்தை வைத்தே வகை பிரித்தார்கள். 1940களில் ஜால் கூப்பர் தொகுத்தளித்த ரத்து முத்திரை வகைகளும், அவருக்கு முன் ரெனூஃப் வகுத்த எண்வரிசையும் இன்றும் சேகரிப்பாளரின் கைவிளக்குகள். சாய்சதுரம், எண்கோணம், வட்டம், இரட்டை முத்திரை என்று கண்ணுக்குத் தெரியும் உருவமே அவற்றில் முதல் அளவுகோல். உறையிலிருந்து கழற்றப்பட்டு ஆல்பத்தில் ஒட்டப்பட்ட தனித் தபால்தலைக்கு அந்த முறை பொருந்தும். அங்கே உருவத்தைத் தவிர வேறு சான்று மிஞ்சுவதில்லை.

முழு உறை கையில் இருக்கும்போது நிலைமை வேறு. ஓர் உறையின் இரு பக்கங்களிலும் மூன்று முதல் ஆறு குறிகள் வரை இருப்பது சாதாரணம். ஒன்று கட்டணம் வாங்கியதைச் சொல்லும், இன்னொன்று தபால்தலையை மறுபடி பயன்படாதபடி கெடுக்கும், மற்றொன்று இடைநிலை அலுவலகத்தைக் காட்டும், கடைசி ஒன்று பட்டுவாடா நாளைச் சொல்லும். ஒரே வட்டம் இந்த நான்கு வேலைகளில் எதையும் செய்திருக்கலாம். ஆகவே முதலில் குறியின் பணியைக் கேட்டு, அடுத்து அதன் வடிவத்தைப் பார்த்து, இறுதியில் வழியையும் நாளையும் கொண்டு சரிபார்ப்பதே தக்க வரிசை என்பது இக்கட்டுரையின் வாதம்.

எடுத்துக்கொண்ட நிலப்பகுதி வடக்கே வேம்பார் முதல் தெற்கே மணப்பாடு வரையிலான முத்துக் குளித்துறை. தூத்துக்குடி, புன்னைக்காயல், காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர் ஆகியவை இதில் அடங்கும். உள்நாட்டில் இக்கரையின் கடிதங்கள் சென்று சேர்ந்த பாளையங்கோட்டை, திருநெல்வேலி, மதுரை ஆகிய ஊர்களும், கடலுக்கு அப்பால் கொழும்பும் வழிச்சான்றுக்காகச் சேர்க்கப்படுகின்றன.

2. காலப் பகுப்பு

2.1 முதற்காலம் (1837க்கு முன்)

சென்னையில் பொது அஞ்சலகம் 1786-ல் தொடங்கியது. தூத்துக்குடி 1658 முதல் டச்சுக்காரர் வசம் இருந்து, இடையில் கைமாறி, 1825-ல் முடிவாக ஆங்கிலேயரிடம் வந்தது. இக்காலக் கடிதங்களுக்கு உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதினார்கள். கட்டணம் எடையோடு தூரத்தையும் பொறுத்தது. அதைக் கையெழுத்தாகவே குறித்தார்கள். ஊர்ப்பெயரை நேர்கோட்டில் பொறித்த எளிய முத்திரைகள் இக்காலத்துக்குரியவை.

2.2 இரண்டாங்காலம் (1837–1854)

1837-ஆம் ஆண்டின் பதினேழாம் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் கடிதம் சுமக்கும் உரிமையை அரசுக்கு மட்டுமே உரியதாக்கியது. சென்னை மாகாணத்தில் மக்கள் வாயில் இந்த அரசு அஞ்சலின் பெயர் தபால். ஓட்டக்காரர்கள் பையைச் சுமந்து கட்டத்துக்குக் கட்டம் கைமாற்றினார்கள். கட்டணத்தை அனுப்புபவரும் கட்டலாம், பெறுபவரும் கட்டலாம். முன்பணம் கட்டியதைச் சிவப்பு மையிலும், பெறுபவர் கட்ட வேண்டிய ‘பேரிங்’ கடிதத்தைக் கறுப்பு மையிலும் குறிப்பது பொது வழக்கம். எனவே இக்காலக் குறிகளில் நிறமும் ஒரு தகவல். மங்கிப்போன சிவப்பைப் பழுப்பென்று பதிந்துவிட்டால் கடிதத்தின் கணக்கே தலைகீழாகும்.

2.3 மூன்றாங்காலம் (1854–1875)

1854 அக்டோபர் 1 முதல் இந்தியா முழுவதற்கும் தூரம் பாராத ஒரே கட்டணம் வந்தது. கால் தோலா எடைக்கு அரையணா, அரைத் தோலாவுக்கு ஓரணா, ஒரு தோலாவுக்கு இரண்டணா. ஒரு ரூபாய் நாணயத்தின் எடை ஒரு தோலா. ஆகவே அரையணாக் கடிதம் கால் ரூபாய் எடைதான். கடிதத் தாள் ஏன் அவ்வளவு மெல்லியதாக இருந்தது என்பதும், பின்பக்க முத்திரையின் மை முன்பக்கத்துக்குக் கசிந்து இன்றைய ஆய்வாளரை ஏன் குழப்புகிறது என்பதும் இந்த எடைக் கணக்கிலேயே விளங்கும். தபால்தலை ஒட்டாத கடிதத்துக்கு இரட்டிப்புக் கட்டணம். ஒட்டிய தலையை மறுபடி பயன்படுத்தாமல் கெடுப்பது என்ற புதிய வேலை இந்த நாளில்தான் பிறந்தது. ரத்து முத்திரை என்ற வகைக்கு 1854க்கு முன் இடமில்லை. 1869-ல் அரையணா எடை அரைத் தோலாவாக உயர்ந்தது.

2.4 நான்காங்காலம் (1876–1900)

இக்கரையைப் பொறுத்தவரை 1876 ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு ஜனவரி 1-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தென்னிந்திய ரயில் பாதை திறந்தது. ஜூலை 1-ல் இந்தியா பொது அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்தது. அவ்வாண்டு பருவமழை பொய்த்து, தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் பஞ்சம் மூண்டது. அதனால் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர் தொகை பெருகியது. வழி, கட்டண முறை, கடிதம் எழுதும் கூட்டம் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் மாறின. இந்தியப் பொதுநூல்கள் பெரும்பாலும் 1854-ஐயும் புதிய தபால்தலை வெளிவந்த ஆண்டுகளையும் எல்லைக் கற்களாக நடுகின்றன. தூத்துக்குடிக்கு 1876 அவற்றுக்கு இணையான எல்லை.

3. பணிவழி வகைகள்

3.1 தோற்றக் குறி

கடிதம் எந்த அலுவலகத்தில் பெறப்பட்டது என்பதைச் சொல்வது. ஊர்ப்பெயரும் நாளும் இதன் உறுப்புகள். 1854க்குப் பின் இது பெரும்பாலும் உறையின் பின்பக்கம் விழுந்தது, முன்பக்கத் தபால்தலைமீது ரத்துக் குறி தனியாக விழுந்தது. உறையிலிருந்து வெட்டியெடுத்த தலையில் ஊர்ப்பெயர் இல்லாமல் வெறும் எண்ணோ புள்ளிகளோ இருப்பதற்குக் காரணம் இந்தப் பிரிவினைதான்.

3.2 கட்டணக் குறி

முன்பணம் கட்டியது, பேரிங், குறைக் கட்டணம் ஆகியவற்றைச் சொல்வது. கையெழுத்துத் தொகையும் இந்த வகையில் சேரும். பட்டுவாடா செய்த ஊரில் வசூலிக்க வேண்டிய அணாவை அலுவலர் பெரிதாக எழுதியிருப்பார். 1876-க்குப் பின் வெளிநாட்டுக் கடிதத்தில் ‘டி’ என்ற தனி எழுத்து இருந்தால், அது அஞ்சல் ஒன்றிய விதிப்படி கட்டணம் குறைவு என்பதன் அடையாளம். அதை ஊர் எழுத்தென்று எண்ணி ‘டூட்டிகோரின்’ அலுவலகத்தோடு பொருத்துவது தொடக்கநிலையாளர் வழுக்கும் இடம்.

3.3 ரத்துக் குறி

தபால்தலையைக் கெடுப்பது மட்டுமே இதன் வேலை. ஆகையால் இதில் தகவல் குறைவு, மை அதிகம். அடுத்த பகுதி இதை விரிவாகப் பேசும்.

3.4 வழிக் குறி

இடைநிலை அலுவலகங்கள், ரயில் அஞ்சல் பிரிவுகள், கப்பலில் வந்த கடிதத்தைக் கரையில் பெற்றுக்கொண்ட அலுவலகங்கள் ஆகியவை இட்டவை. ஒரு கடிதம் எந்தப் பாதையில் போனது என்பதற்கு இவையே நேரடிச் சான்று.

3.5 பட்டுவாடாக் குறி

பெறும் ஊரில் விழுந்தது. பெரிய ஊர்களில் நாளின் எத்தனையாவது பட்டுவாடா என்பதும் சேர்ந்திருக்கும். தோற்றக் குறிக்கும் இதற்கும் இடையிலுள்ள நாள்களைக் கணக்கிட்டால் பயண வேகம் தெரியும். ஓட்டக்காரர் காலத்தை ரயில் காலத்திலிருந்து பிரிக்க இந்த இடைவெளி உதவும்.

3.6 விளக்கக் குறி

நேரந்தவறிப் போடப்பட்டது, ஆளில்லை, திருப்பி அனுப்பப்பட்டது, உரியவர் கிடைக்காத கடிதங்களின் அலுவலகத்துக்குப் போனது போன்ற காரணங்களைச் சொல்வது. தமிழில் முகவரி எழுதிய கடிதங்களில் அலுவலர் சேரும் ஊரை ஆங்கிலத்தில் சிவப்பு மையால் எழுதி வைப்பது உண்டு. அது அச்சு முத்திரை இல்லை என்றாலும், அஞ்சல் ஊழியர் கையால் பிறந்ததால் இந்த வகைக்குள் வைக்கத்தக்கது. முகவரியில் காயல்பட்டினம் என்று தமிழில் மட்டும் இருந்தால், வட இந்திய அலுவலகத்துக்கு அந்தச் சிவப்பு வரியே வழிகாட்டி.

4. ரத்துக் குறியின் வடிவங்கள்

4.1 புள்ளியும் கோடும்

1854-ல் கல்லச்சில் அச்சிட்ட முதல் அரையணா, ஓரணாத் தலைகளின்மேல் விழுந்தவை பெரும்பாலும் சாய்சதுரமாக அடுக்கிய புள்ளிகள். இவற்றில் ஊர் அடையாளம் இல்லை. உறை இல்லாமல் இவற்றைத் தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டைக்கோ உரிமையாக்க வழியில்லை. அப்படி உரிமை கொண்டாடும் விற்பனைக் குறிப்பை ஏற்க வேண்டியதில்லை.

4.2 எண் தாங்கியவை

அடுத்து, புள்ளிகளுக்கோ கோடுகளுக்கோ நடுவில் அலுவலக எண் வந்தது. எண்ணை அலுவலகத்தோடு பொருத்தும் பட்டியல் கைவசம் இருந்தால் தனித் தலையும் பேசத் தொடங்கும். ஆனால் எண் மட்டும் போதாது. எந்த அஞ்சல் வட்டத்தின் எண், எந்த ஆண்டுகளின் வரிசை என்ற இரண்டும் தெரிய வேண்டும்.

இந்த எச்சரிக்கைக்கு நல்ல உதாரணம் ‘பி’ என்ற எழுத்து. 1850களின் பிற்பகுதியில் அது வங்காள வட்டத்தைக் குறித்தது. அப்போது வங்காள வட்டத்தின் கீழ் இருந்த சிங்கப்பூருக்கு பி 172, பினாங்குக்கு பி 147, மலாக்காவுக்கு பி 109 என்ற எண்கள். 1870களின் புதிய வரிசையில் அதே எழுத்து பம்பாயைக் குறித்தது. பம்பாய் வட்டத்தைச் சேர்ந்த ஏடனின் முத்திரை பி 22. அதற்கு முந்தைய வரிசையில் ஏடனின் எண் 124. ஒரே எழுத்து இரு கடல்களுக்குச் சொந்தமாவதும், ஒரே துறைமுகம் இரு எண்களைத் தாங்குவதும் கால வரிசையை முதலில் முடிவு செய்ய வேண்டியதன் காரணத்தைக் காட்டுகின்றன. இக்கரையின் மரக்காயர் வணிகருக்கும் செட்டிநாட்டு நகரத்தாருக்கும் பினாங்கு, சிங்கப்பூரிலிருந்து வந்த கடிதங்களில் இந்த எண்கள் இருக்கக்கூடும். தமிழ்நாட்டு முகவரி இருப்பதை வைத்து அந்த எண்ணைச் சென்னை வட்டத்து எண்ணாகக் கொள்ளக் கூடாது.

4.3 இரட்டை முத்திரை

ஒரே கைப்பிடியில் ஒரு பக்கம் தேதி வட்டமும் மறுபக்கம் ரத்துப் பகுதியும் அமைந்தது இது. ஒரு குத்தில் இரு வேலை முடிந்தது. பிரித்தெடுத்த தலையில் பெரும்பாலும் ரத்துப் பாதி மட்டுமே நிற்கும். ஓரத்தில் வட்டத்தின் வளைவு சிறிது தெரிந்தாலும் அது இரட்டை முத்திரை என்று சொல்லலாம். ரத்துப் பகுதிக்கும் தேதி வட்டத்துக்கும் உள்ள தூரமும் கோணமும் ஒரு கருவிக்கு எப்போதும் மாறாதவை. இரண்டு உறைகளில் அந்தத் தூரம் வேறுபட்டால் அந்த அலுவலகத்தில் இரு கருவிகள் இருந்தன என்று பொருள்.

4.4 சதுர வட்டமும் தனி வட்டமும்

1880களில் தொடங்கி, தேதி வட்டத்தைச் சுற்றி மூலைகளில் வளைகோடுகள் அமைந்து மொத்தத்தில் சதுரமாகத் தோன்றும் முத்திரை பரவியது. தோற்றம், ரத்து, பட்டுவாடா ஆகிய மூன்று பணிகளுக்கும் ஒரே கருவி பயன்பட்ட காலம் இது. வடிவ வகைப்பாடு திணறும் இடமும் இதுவே. உறையின் முன்பக்கத்தில் தலைமீது தூத்துக்குடிச் சதுர வட்டம் இருந்தால் அது ரத்து. பின்பக்கத்தில் அதே கருவி இருந்தால் பெரும்பாலும் பட்டுவாடா. பட்டியலில் இரண்டையும் ஒரே வகை என்று எழுதினால் கடிதம் தூத்துக்குடியிலிருந்து போனதா, தூத்துக்குடிக்கு வந்ததா என்பதே மறைந்துவிடும்.

5. வழித்தடமும் முத்திரையும்

5.1 நிலவழி

ரயிலுக்கு முன் தூத்துக்குடிக் கடிதம் பாளையங்கோட்டை வழியாக மதுரையை அடைந்து, அங்கிருந்து சென்னைக்குச் சென்றது. பாளையங்கோட்டை படை முகாமும் மிஷன் நிலையமுமாக இருந்ததால் கடிதப் போக்குவரத்து மிகுந்த இடம். இப்பகுதியின் மிஷன் கடிதங்கள் ஆய்வாளருக்குப் பெரிய கருவூலம். இடையன்குடியில் 1841 முதல் பணியாற்றிய ராபர்ட் கால்டுவெல் 1880களில் தூத்துக்குடிக்கு வந்து கல்லூரி நடத்தினார். சாயர்புரத்தில் ஜி. யு. போப் இருந்தார். இத்தகையோர் லண்டனுக்கு எழுதியவை மிஷன் சங்க ஆவணங்களாகச் சேமிக்கப்பட்டன. எழுதியவர், எழுதிய இடம், நாள் மூன்றும் உள்ளே பதிந்திருப்பதால் வெளியே உள்ள முத்திரையைச் சரிபார்க்கும் அளவுகோல் கிடைக்கிறது.

5.2 ரயிலும் கொழும்புக் கப்பலும்

1876க்குப் பின் தூத்துக்குடி சென்னை–கொழும்பு வழியின் கண்ணியானது. ரயில் இங்கு முடிய, நீராவிக் கப்பல் இங்கிருந்து கிளம்பியது. கரையோரக் கடல் ஆழமற்றது என்பதால் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட்டன. ஆளும் சரக்கும் அஞ்சல் பையும் படகில் போய்ச் சேர்ந்தன. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும் வரை இந்த நிலை நீடித்தது. ஆகவே 1876க்கும் 1914க்கும் இடைப்பட்ட கொழும்புக் கடிதத்தில் தூத்துக்குடிக் குறி இருந்தால், அது தோற்றக் குறியா வழிக் குறியா என்பதை முகவரியும் மற்ற நாள்களும் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

இலங்கைப் பக்கச் சான்றுகளும் நாள் குறிக்க உதவும். இலங்கைத் தபால்தலை 1857 ஏப்ரல் 1-ல் பென்ஸ் கணக்கில் தொடங்கியது. 1872-ல் ரூபாய்-சதம் கணக்கு வந்து தலைகளும் சதத்துக்கு மாறின. நாள் மங்கிய கொழும்பு முத்திரையின் அடியில் சதத் தலை இருந்தால் 1872க்கு முந்தைய காலத்தை ஒதுக்கிவிடலாம்.

ஏற்றுமதி வணிகமும் முத்திரைகளைப் பெருக்கியது. கரிசல் நிலத்துப் பருத்தியும் நிலாவாரையும் இந்தத் துறை வழியே வெளியேறின. ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை 1888-ல் தூத்துக்குடியில் எழுந்தது. வோல்கார்ட் போன்ற ஐரோப்பியப் பருத்தி நிறுவனங்கள் இங்கு கிளை வைத்தன. வணிகக் கடிதத்தின் மடிப்பில் குமாஸ்தா கடிதம் வந்த நாளையும் பதில் அனுப்பிய நாளையும் எழுதி வைப்பது வழக்கம். முத்திரை தெளிவாக விழாத இடத்தில் அந்தக் கையெழுத்து நாளே துணை.

5.3 அஞ்சலும் தபாலும்

மேற்கே திருவிதாங்கூரில் அரசரின் அஞ்சல் தனியாக இயங்கியது. ஓலைக் கடிதங்களையும் அது சுமந்தது. 1888-ல் சங்கு பொறித்த தன் தலைகளை வெளியிட்டது. நாஞ்சில் நாட்டுக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் இடையே உறவும் வணிகமும் இருந்ததால் இரு அமைப்புகளின் குறிகளும் ஒரே உறையில் சந்திக்க முடியும். அப்படிப்பட்ட உறையில் இரு கட்டணங்களையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒரு பக்கத்து முத்திரை மற்றப் பக்கத்துத் தலையை ரத்து செய்யவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

6. சலாபக் காலமும் நாள் குறிப்பும்

முத்துக் குளிப்புப் பருவமான முத்துச் சலாபம் ஆண்டுதோறும் நடக்கவில்லை. கடலடி முத்துப் பார்களில் சிப்பி முதிர்ந்தால்தான் அரசு சலாபம் அறிவித்தது. தூத்துக்குடிப் பக்கம் 1822, 1830 ஆண்டுகளுக்குப் பின் நெடுங்காலம் சலாபம் இல்லை. 1860 முதல் 1862 வரை நடந்தது, பின்னர் 1889-ல் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1889 சலாபத்தை நேரில் கண்டு, மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி அடுத்த ஆண்டில் நூல் வெளியிட்டார். நூற்றாண்டின் கடைசி ஆண்டான 1900-லும் சலாபம் நடந்தது.

சலாப நாள்களில் பரதவர், மரக்காயர், கீழக்கரை வணிகர், வெளியூர் முத்து வியாபாரிகள், அரசு அலுவலர் எல்லாரும் ஒரே கரையில் கூடினார்கள். கடிதமும் கூடியது. ஆனால் ஓர் உறையைச் ‘சலாப உறை’ என்று அழைக்க மூன்று நிபந்தனைகளை இக்கட்டுரை முன்வைக்கிறது: முத்திரை நாள் சலாபப் பருவத்துக்குள், அதாவது மார்ச்சிலிருந்து மே வரைக்குள் விழ வேண்டும், ஆண்டு சலாப ஆண்டாக இருக்க வேண்டும், எழுதியவரோ பெற்றவரோ செய்தியோ சலாபத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். முதல் இரண்டும் மட்டும் இருந்தால் அது சலாப காலத்து உறை, அவ்வளவே. இந்த இரண்டுக்கும் விலைப்பட்டியலில் பெரிய வேறுபாடு உண்டு என்பதால் ஆய்வாளர் இங்கே இளகக் கூடாது.

இலங்கைப் பக்கத்துச் சலாபங்கள் தனிக் கணக்கு. தூத்துக்குடியில் சலாபம் இல்லாத ஆண்டிலும் இக்கரைக் குளிப்பாளர்கள் மன்னார்ப் பக்கம் போனார்கள். அங்கு 1891க்குப் பின் 1903 வரை சலாபமே இல்லை. ஆகவே 1895 தேதியுள்ள ஓர் உறையை இரு கரைகளில் எந்தக் கரைச் சலாபத்தோடும் இணைக்க முடியாது.

நாள் குறிப்பதில் தமிழ்க் கடிதம் ஒரு கூடுதல் சாதனம் தருகிறது. உள்ளே தமிழ் ஆண்டுப் பெயரும் மாதமும் இருக்கும். திருநெல்வேலிச் சீமையில் கொல்லம் ஆண்டையும் எழுதுவார்கள். சலாபப் பருவத்தின் நடுவில் சித்திரை பிறப்பதால் தமிழ் ஆண்டுப் பெயர் மாறிவிடும். 1889 மார்ச்சுக் கடிதத்தில் சர்வதாரி. அதே சலாபத்தின் மே மாதக் கடிதத்தில் விரோதி. கொல்லம் ஆண்டோ ஆவணியில்தான் மாறுகிறது என்பதால் இரண்டு கடிதத்திலும் 1064 என்றே நிற்கும். முத்திரையில் ஆண்டு எண் தெளிவில்லாமல் மாதம் மட்டும் தெரிந்தால், இந்த இரு கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தாலே ஆண்டு உறுதிப்படும். தபால்தலை ஒட்டிய கடிதத்தில் தாது என்று எழுதியிருந்தால் அது 1876 ஏப்ரலுக்கு முந்தையதாக இருக்க முடியாது. ரயில் வந்தபின் எழுதியது என்பது முத்திரையைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிடும். இந்தச் சோதனையை ஆங்கிலக் கடிதங்களை மட்டும் பார்த்துப் பழகிய பட்டியல்கள் செய்வதில்லை. தமிழ் ஆய்வாளர் கையில் இருக்கும் தனி ஆயுதம் இது.

7. அடையாளம் காணும் முறை

7.1 தபால்தலை தரும் கீழெல்லை

தலை வெளிவந்த நாளுக்கு முன் முத்திரை விழ முடியாது. 1865 முதல் தாளில் யானைத்தலை நீர்க்குறி வந்தது. 1882-ல் நட்சத்திர நீர்க்குறி வந்தபோது ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற எழுத்து ‘இந்தியா’ என்று மாறியது. அரசு அலுவல் கடிதங்களில் 1866-லிருந்து ‘சர்வீஸ்’ என்ற மேலச்சும், 1874-லிருந்து ‘ஆன் ஹெச்.எம்.எஸ்.’ என்ற மேலச்சும் வந்தன. கால் அணாத் தபால் அட்டை 1879-ல் வந்தது. இவை கீழெல்லை மட்டுமே தரும். தலை வெளிவந்து பல ஆண்டுகள் கழித்தும் பயன்பட்டிருக்கலாம்.

7.2 அளவும் ஒளியும்

வட்டத்தின் விட்டத்தையும் எழுத்தின் உயரத்தையும் மில்லிமீட்டரில் பதிய வேண்டும். பித்தளை, எஃகுக் கருவிகள் தேய்ந்தால் கோடு தடிக்கும், உள்விட்டம் குறையும். தேய்மானத்தை வேறு கருவி என்று எண்ணாமலிருக்க, வெளிவிட்டத்தையே அளக்க வேண்டும். சாய்வாக விழும் ஒளியில் பார்த்தால் மை மங்கிய முத்திரையின் அழுத்தத் தடமும் தெரியும்.

7.3 ஒரு மாதிரிப் பகுப்பாய்வு

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் சென்ற உறை ஒன்று கையில் இருப்பதாகக் கொள்வோம். முன்பக்கம் ‘ஈஸ்ட் இந்தியா’ அரையணாத் தலையும் எண் தாங்கிய ரத்தும் இருக்கின்றன. பின்பக்கத்தில் ஆண்டு மங்கிய தூத்துக்குடி வட்டமும் சென்னைப் பட்டுவாடா வட்டமும். நீர்க்குறி யானைத்தலை என்றால் கீழெல்லை 1865. எடை கால் தோலாவுக்கு மேல் அரைத் தோலாவுக்குள் இருந்து அரையணாவே ஒட்டப்பட்டு, குறைக்கட்டணக் குறி இல்லையென்றால் 1869க்குப் பிந்தையது. இரு நாள்களின் இடைவெளி ஓட்டக்காரர் வேகத்துக்கு எட்டாத அளவு குறுகியதாக இருந்தால் 1876 அல்லது அதற்குப் பின். இப்படி ஒவ்வொரு சான்றும் எல்லையைச் சுருக்க, ரத்தின் வடிவம் கடைசியாக வந்து உறுதி செய்கிறது. வடிவத்திலிருந்து தொடங்கியிருந்தால் எண்ணின் வரிசையே தெரியாமல் தடுமாறியிருப்போம்.

8. போலியும் பிழையும்

போலி முத்திரையில் மூன்று வகை. ஒன்று, மலிவான உறையில் அரிய ஊர்ப்பெயரைப் பிற்காலத்தில் குத்துவது. இரண்டு, வேறு உறையிலிருந்து எடுத்த தலையைப் பழைய உறையில் ஒட்டி, முத்திரைக் கோட்டைத் தலையிலிருந்து உறைக்கு மையால் நீட்டுவது. மூன்று, உண்மையான உறையில் மங்கிய ஆண்டை ‘தெளிவாக்கி’ எழுதுவது. மூன்றுக்கும் மருந்து ஒன்றே: எல்லாக் குறிகளும் ஒரே பயணக் கதையைச் சொல்ல வேண்டும். கட்டணத்துக்கும் எடைக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். பட்டுவாடா நாள் தோற்ற நாளுக்குப் பிந்தியிருக்க வேண்டும். தலைமீதும் உறைமீதும் ஓடும் கோட்டில் மையின் ஊறல் தாளுக்குத் தாள் இயல்பாக மாற வேண்டும். வடிவத்தைப் போலி செய்வது எளிது. ஐந்தாறு பணிகளின் ஒத்திசைவைப் போலி செய்வது கடினம்.

9. முடிவும் பரிந்துரையும்

இக்கரையின் ஒவ்வொரு உறைக்கும் பதிவுத்தாளில் கீழ்க்கண்ட வரிசை வேண்டும்:

அ) எழுதியவர் வகை (வணிகர், மிஷன், அரசு, குடும்பம்), புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர்.
ஆ) உள்ளே எழுதிய நாள், தமிழ் ஆண்டு, கொல்லம் ஆண்டு இருப்பின் அவற்றோடு.
இ) ஒவ்வொரு குறிக்கும் முதலில் பணி, பிறகு வடிவம், அளவு, மை நிறம், விழுந்த பக்கம்.
ஈ) கட்டணமும் எடையும் பொருந்துகின்றனவா என்ற முடிவு.
உ) காலப்பகுதி: 1837, 1854, 1876 என்ற மூன்று எல்லைகளுக்குள் எது.
ஊ) சலாபத் தொடர்பு உண்டா, உண்டெனில் மூன்று நிபந்தனைகளில் எத்தனை நிறைவேறின.

கூப்பர், ரெனூஃப் வகை எண்களை இந்தத் தாளில் ஒரு பத்தியாக வைத்துக்கொள்ளலாம். அவற்றை முதற்பத்தியாக வைப்பதையே இக்கட்டுரை மறுக்கிறது. தலையை மட்டும் வைத்து ஆராய்ந்த காலத்தில் வடிவ முறை தவிர்க்க முடியாததாக இருந்தது. மிஷன் ஆவணங்களும் வணிகக் குடும்பங்களின் பெட்டிகளும் திறக்கும்போது கிடைப்பது முழுக் கடிதம். அதில் தமிழ் எழுத்தும் தமிழ் ஆண்டும் உண்டு. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இக்கரையிலேயே இருப்பதால், தூத்துக்குடி முத்திரைகளின் முதல் முழுப் பட்டியல் தமிழில் தொகுக்கப்படுவதே முறை. அதற்குத் தொடக்கமாக, உறையிலிருந்து தபால்தலையைக் கழற்றும் பழக்கத்தைச் சேகரிப்பாளர்கள் கைவிட வேண்டும். கழற்றினால் மேற்கண்ட ஆறு பத்திகளில் ஐந்து வெறுமையாகிவிடும்.